வெற்றிலை மட்டும் 555-இல்

ஜாசின் சுங்கச் சாவடி வரும்போதெல்லாம் அப்பாவின் ஞாபகம் வந்துவிடும். சாவடிக்கு ஒரு கிலோமீட்டர் முன்பே சில்லறையை எண்ணிக் கையில் பிடித்துக்கொள்வார். 1997-இல் 'டச் அண்ட் கோ' அட்டை வந்தபோது, "காசைக் கண்ணால பார்க்காமலே செலவு பண்றதா?" என்று கடைசிவரை அதை வாங்காதவர் அவர். இன்று சாவடியில் காசு வாங்க ஆளே இல்லை. அட்டையைக் காட்டினேன், தடுப்புக் கம்பம் உயர்ந்தது.

2025 செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை. பெரியம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். வயது 74. அசஹான் பக்கத்துத் தோட்டமொன்றில் 30 ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் சீவியவர். இப்போது ஜாசினில் ஒரு மலிவு விலை வீடு. "நீ வந்தா என்னைத் தோட்டத்துக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போ" என்று முதல்நாளே புலனத்தில் குரல் பதிவு அனுப்பியிருந்தார். பெரியம்மாவுக்குத் தட்டச்சு வராது. குரல் பதிவு மட்டும் ஒரு நாளைக்குப் பத்து அனுப்புவார், அதில் பாதி என் வானொலி நிகழ்ச்சியைப் பற்றிய புகார்.

அசஹான் போகும் சாலையில் குனோங் லேடாங் மலை கூடவே வருகிறது. இரு புறமும் செம்பனை. "இங்கெல்லாம் பால்மரம்தான் இருந்துச்சு" என்று பெரியம்மா கை காட்டிக்கொண்டே வந்தார். அவர் காட்டிய மண் சாதாரண மண் அல்ல. மலாயாவில் முதன்முதலாக வணிக நோக்கில் ரப்பர் பயிரிட்டவர் மலாக்காவைச் சேர்ந்த தான் சாய் யான். 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் 40 ஏக்கரில் தொடங்கி, பிறகு புக்கிட் அசஹானில் பெரிய அளவில் நட்டார். அவருக்கு விதை கொடுத்து ஊக்கியவர் சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்தின் இயக்குநர் ரிட்லி. மரத்தைக் கொல்லாமல் பட்டையை மெல்லச் சீவி மறுபடியும் மறுபடியும் பால் எடுக்கும் முறையை வகுத்தவரும் அவர்தான். ரப்பர் ரப்பர் என்று ஓயாமல் பேசியதால் அவரைப் பைத்தியக்கார ரிட்லி என்றே அழைத்தார்கள்.

அந்த ரப்பர் யாருக்காக? 1888-இல் டன்லப் காற்றடைத்த டயரைச் செய்தார். முதலில் சைக்கிள், பிறகு மோட்டார் கார். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வீட்டுக்கு வீடு வந்துகொண்டிருந்த ஒரு புதுமைக்காகத்தான் நம் பாட்டன்மார்களில் பலர் கப்பலேறினார்கள். தொழில்நுட்பம் தோட்டத்துக்குத் தாமதமாக வந்தது என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். அது முதலில் வந்து இறங்கியதே இங்குதான். அதன் சொகுசு மட்டும்தான் வேறு எங்கோ போனது.

கோயிலில் ஒரு சூடம், இரண்டு வாழைப்பழம். திரும்பும் வழியில் பெரியம்மா வலது கைக் கட்டைவிரலைக் காட்டினார். கூழாங்கல் மாதிரி வழவழப்பாக இருந்தது. பல வருடங்களுக்கு முன் ஒரு வங்கியில் ரேகை வைக்கச் சொன்னார்களாம். நான்கு முறை வைத்தும் கருவி ஏற்கவில்லை. "நீ யாருன்னே தெரியலைன்னு சொல்லுதுமா, அந்த மிஷினு. அப்புறம் தம்பியைக் கூட்டிட்டுப் போய்த்தான் காசு எடுத்தேன்." சீவுளியும், பாலும், பாலை உறைய வைக்கும் அமிலமும் சேர்ந்து தேய்த்த விரல் அது. 2001-இல் மைகார்ட் வந்தபோது அதன் சில்லுக்குள் நம் எல்லோருடைய கட்டைவிரல் ரேகையும் ஏறியது. ரேகையே தேய்ந்துபோகும் வேலை ஒன்று இருக்கிறது என்பது ரேகைக் கருவியை அமைத்தவர்களுக்குத் தெரியவில்லை போலும்.

அந்த அட்டைதான் அன்று எங்களை ஜாசினில் ஒரு மளிகைக் கடைக்கு இழுத்துச் சென்றது. 18 வயதுக்கு மேற்பட்ட எல்லாக் குடிமக்களுக்கும், அதாவது ஏறத்தாழ 2 கோடியே 20 லட்சம் பேருக்கு, ஆகஸ்ட் 31 முதல் டிசம்பர் 31 வரை செலவழிக்க 100 ரிங்கிட்டை அரசாங்கம் மைகார்ட் வழியே தந்திருந்தது. கைப்பேசி வேண்டாம், செயலி வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம். முகப்பில் அட்டையைக் கொடுத்தால் போதும். எனக்கென்னவோ, கடந்த பத்து ஆண்டுகளில் வந்த புதுமைகளிலேயே பெரியம்மாவின் கைக்குப் பொருந்திய புதுமை இதுதான் என்று படுகிறது. தலைப்புச் செய்தியாகும் கருவிகளெல்லாம் நம்மைத்தான் மாறச் சொல்கின்றன. இந்த அட்டையோ 24 வருடமாக அவர் முந்தானை முடிச்சுக்குள் சும்மா கிடந்தது.

கடைக்காரர் அரிசி, கோதுமை மாவு, சவர்க்காரம் எல்லாவற்றையும் அடுக்கி, அட்டையைக் கருவியில் செருகினார். பெரியம்மா மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். வங்கிக் கருவியின் நினைப்பு வந்திருக்கும்.

"போயிடுச்சு பாட்டி. இன்னும் 58 வெள்ளி 40 காசு இருக்கு."

"என்னை யாருன்னு கேட்கலையா?"

"அட்டைதான் சொல்லிடுச்சே!"

முகப்பில் டூயிட்நாவ் கியூஆர் அட்டையும் நின்றது. 2019-இல் வந்த பொதுக் குறியீடு. எந்த வங்கியின் செயலியாலும் வருடலாம். எனக்கு முன்னால் நின்ற இளைஞர் ஒரு ரொட்டிக்கு அதில்தான் கட்டினார். பக்கத்திலிருந்த சின்னப் பெட்டி, பணம் வந்துவிட்டது என்று மலாயில் உரக்கச் சொன்னது. குரலை வைத்துப் பிழைப்பவள் என்பதால் காதைக் கொடுத்துக் கேட்டேன். உச்சரிப்பு சுத்தம். ஆனால் யாரிடம் பேசுகிறோம் என்று அந்தக் குரலுக்குத் தெரியவில்லை. என்னைப் பற்றிப் பெரியம்மா அனுப்பும் புகார்களில் பாதி இதுதான், அதனால் அந்தப் பெட்டியின்மேல் கொஞ்சம் பரிதாபம் வந்தது.

"அண்ணே, இவ்வளவும் வந்தபிறகு கடன் குறைஞ்சிடுச்சா?" என்று கேட்டேன்.

கடைக்காரர் இழுப்பறையைத் திறந்தார். உள்ளே ரப்பர் வளையம் போட்ட 555 புத்தகங்கள். நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த அதே சின்ன நோட்டுப் புத்தகம். தோட்டத்துக் கடையில் சம்பள நாள்வரை குடும்பத்தைத் தாங்கியது அதுதான்.

"கியூஆர் வந்தபிறகு சில்லறைத் தொல்லை போச்சு, தங்கச்சி. ஆனா அதுல கையில இருக்கிற காசைத்தான் கட்ட முடியும். 20-ஆம் தேதிக்கு மேல வர்றவங்ககிட்ட அது இருக்காது. ஃபோன்லயே தவணை குடுக்கிற செயலி இருக்காம், என் பையன் சொன்னான். அதுல ஒருநாள் பிந்தினா மேல காசு போடுவானாம். நான் ஒரு வாரம் பிந்தினா, வீட்டுல யாருக்கும் உடம்பு சரியில்லையான்னு கேட்பேன்."

பொருள்களை நான் தூக்கிக்கொண்டேன். பெரியம்மா நகரவில்லை. "வெற்றிலை?" என்றார்.

"அது அரசாங்கப் பட்டியல்ல இல்லை, பாட்டி. அட்டையில போகாது."

நான் பணப்பையை எடுத்தேன். பெரியம்மா என் கையைத் தட்டிவிட்டார். கடைக்காரரும் என் பக்கம் திரும்பவில்லை. இழுப்பறையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து, வளையத்தைக் கழற்றி, காதிலிருந்த பேனாவால் எழுதினார்: வெற்றிலை, 2 வெள்ளி.