ஜப்பானில் அயலாரின் சனி, ஞாயிறு

ஜப்பானில் வேலைக்கோ படிப்புக்கோ போய்த் தங்கும் அயல்நாட்டவர் அந்த ஊரை உண்மையில் பழகிக்கொள்வது சனி, ஞாயிறுகளில்தான். அலுவலகத்தில் எதை எப்படிச் செய்வது என்று சொல்லித்தர ஆள் இருக்கும். பொதுக் குளியல்கூடத்திலும் மலைப்பாதையிலும் அப்படி யாரும் இல்லை; பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டும். அவர்களுடைய வேடிக்கையான அனுபவங்களில் பெரும்பகுதி இப்படிக் கற்கும்போது நேர்பவையே.

இரண்டு நாள் வார விடுமுறை ஜப்பானில் மிகப் பழைய வழக்கம் அல்ல. அரசு அலுவலகங்களுக்குச் சனிக்கிழமை முழு விடுமுறையானது 1992-இல். அரசுப் பள்ளிகளுக்கு அது 2002-இல்தான் வந்தது. 2000-ஆம் ஆண்டு முதல் சில தேசிய விடுமுறைகளைத் திங்கட்கிழமைக்கு நகர்த்தி, மூன்று நாள் ஓய்வு தொடர்ந்தாற்போல் கிடைக்கவும் சட்டம் வழிசெய்தது. ஓய்வைக்கூடத் திட்டமிட்டு எடுக்கும் நாடு அது. ஓய்வு நேரத்துக்கும் ஒழுங்குமுறைகள் உண்டு என்பதைப் புதிதாக வருபவர் சனிக்கிழமை காலையிலேயே தெரிந்துகொள்கிறார்.

முதல் பாடம் குப்பை. எரியும் குப்பை, எரியாத குப்பை, பாட்டில், காகிதம் என ஒவ்வொன்றுக்கும் ஒரு கிழமை உண்டு. வகைகள் ஊருக்கு ஊர் மாறும். பிளாஸ்டிக் பாட்டிலின் மூடியைக் கழற்றி, மேலுறையை உரித்து, உள்ளே அலசி வைக்க வேண்டும். காகங்கள் கிளறாதபடி பைகளின் மேல் வலை போர்த்த வேண்டும். தப்பாகப் பிரித்த பையை வண்டிக்காரர் எடுக்கமாட்டார். காரணம் அச்சிட்ட சீட்டை ஒட்டிவிட்டுப் போய்விடுவார். சீட்டை வாசிக்கத் தெரியாதவர் அதைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு, படித்துச் சொல்ல ஆள் தேடி அலைவார். தெருவில் பலருடன் அவருக்கு அறிமுகம் ஏற்படுவது பெரும்பாலும் இந்தப் பையின் புண்ணியத்தால்.

டோக்கியோவில் இருப்பவர்களுக்குப் பகல்பொழுதில் எளிதாகப் போய்வரக்கூடிய இடம் தாக்காவோ மலை. ஷின்ஜுகு நிலையத்திலிருந்து கெய்யோ ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் அடிவாரம். உயரம் 599 மீட்டர்தான். ஏறத் தயங்குபவர்களுக்குக் கேபிள் ரயில் இருக்கிறது. 31 பாகைக்கு மேல் சாயும் அதன் தடம் அந்நாட்டுக் கேபிள் ரயில்களிலேயே மிகச் செங்குத்தானது. வழியில் யாக்குவோ-இன் என்னும் பழைய பௌத்தக் கோயில். வானம் தெளிந்த குளிர்கால நாளில் உச்சியிலிருந்து ஃபூஜி மலை தெரியும். அயலாரை வியக்கவைப்பது காட்சியைவிட மனிதர்கள். ரயிலில் தோளோடு தோள் இடித்து நின்றும் ஒரு வார்த்தை பேசாதவர்கள், மலைப்பாதையில் எதிர்ப்படும் அத்தனை பேருக்கும் 'கொன்னிச்சிவா' என்று வணக்கம் சொல்கிறார்கள். இந்த மாற்றம் அடிவாரத்தில் தொடங்கி அடிவாரத்திலேயே முடிந்துவிடும். இறங்கியதும் அரைத்த வள்ளிக்கிழங்குக் கூழ் ஊற்றிய சோபா நூடுல்ஸ் சாப்பிடுவது வழக்கம். பார்வைக்கு முழுச் சைவம். ஆனால் அதன் சாற்றில் பெரும்பாலும் மாசிக்கருவாடு இருக்கும். சைவம் உண்பவர்கள் கிண்ணம் காலியான பிறகே அதை அறிவதும் உண்டு.

மலை ஏறிய அலுப்புக்கு ஏற்றது 'சென்தோ' எனப்படும் பொதுக் குளியல்கூடம். வீடுகளில் குளியலறை இல்லாத காலத்தில் தெருவுக்குத் தெரு இருந்தவை இவை. இப்போது வெகுவாகக் குறைந்துவிட்டன. அன்றாடத் தேவை என்று கருதப்படுவதால் கட்டண உச்சவரம்பை அரசே வகுக்கிறது. 2024-இல் டோக்கியோவில் அது 550 யென். சுவரில் ஃபூஜி மலையை ஓவியமாகத் தீட்டும் வழக்கம் 1912-இல் அந்நகரின் கண்டா பகுதியில் இருந்த ஒரு கூடத்தில் தொடங்கியது. ஆண், பெண் பகுதிகள் தனித்தனி. ஆனால் உடையின்றித்தான் குளிக்க வேண்டும். கூச்சப்படும் புதியவர் கைத்துண்டால் மறைத்தபடியே தொட்டிக்குள் இறங்கப் பார்ப்பார்; துண்டு நீரில் படக்கூடாது. மற்றவர்கள் அதை மடித்துத் தலைமேல் வைத்திருப்பார்கள். முதலில் குட்டை முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு உடம்பைக் கழுவியாக வேண்டும். தொட்டி அழுக்குப் போக்க அல்ல, சூட்டில் ஊறிக் கிடக்க. நீரின் சூடு நாற்பது டிகிரி செல்சியஸுக்கும் மேல் இருக்கும். எல்லாரும் அவரவர் பாட்டுக்குக் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பதைக் கண்டதும், தம்மை யாரும் பார்க்கவில்லை என்று புதியவருக்குப் புரியும். கூச்சம் அத்துடன் தீரும்.

சனிக்கிழமை இரவு, பதிவுசெய்த இசையோடு சேர்ந்து பாடும் கரியோக்கிக்கு உரியது. கோபே நகரைச் சேர்ந்த இசைக்கலைஞர் இனோவே தைசுக்கே 1971-இல் இதற்கான கருவியை உருவாக்கி மதுக்கடைகளுக்கு வாடகைக்கு விட்டார். அதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. பிறர் பாட்டைப் பொறுத்துக்கொள்ள மனிதருக்குக் கற்றுத்தந்ததற்காக 2004-இல் அவருக்கு, நோபல் பரிசைக் கேலிசெய்து வழங்கப்படும் இக்நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. அது வெறும் கிண்டல் அல்ல. சிறு அறைக்குள் நண்பர்கள் மட்டும் உட்கார்ந்து பாடும்போது, யார் எவ்வளவு சுருதி பிசகினாலும் கைதட்டல் உண்டு. இரக்கமில்லாமல் மதிப்பெண் போடுவது இயந்திரம் ஒன்றுதான்.

ஞாயிறு நிதானமானது. வெயில் அடித்தால் மாடிக் கைப்பிடிகளில் மெத்தைகள் தொங்கும். நண்பகலுக்குப் பின் டோக்கியோவின் கின்சா பகுதியில் பெருஞ்சாலை வண்டிகளுக்கு மூடப்பட்டு, நடப்பவர்கள் வசம் வரும். 1970-இல் தொடங்கிய ஏற்பாடு இது. அதே நகரின் யொயோகி பூங்கா வாசலில் சீவி உயர்த்திய முடியும் தோல் சட்டையுமாகச் சிலர் பழைய ராக் பாட்டுக்கு ஆடுவார்கள். அங்கே நின்று பார்க்க எந்த விதியும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

இத்தனை விதிகளும் முதலில் தொந்தரவாகத் தோன்றினாலும், பிறகு அயலாருக்கே அவை வசதியாகின்றன. காலணியை எங்கே விடுவது, எதை முதலில் செய்வது என்று தெரிந்துவிட்டால், மொழி அரைகுறையாக இருந்தாலும் யாருடைய சிபாரிசும் இல்லாமல் எங்கும் நுழையலாம். வித்தியாசமாகப் பார்ப்பவர் குறைவு.

ஞாயிறு மாலை ஆறரை மணிக்கு, 1969 முதல் ஒளிபரப்பாகிவரும் 'சசாயே-சான்' என்ற குடும்பக் கார்ட்டூன் தொடங்கும். அதன் இசை கேட்டதுமே மறுநாள் வேலை நினைவுக்கு வந்து மனம் சோர்வதை ஜப்பானியர் அந்தத் தொடரின் பெயராலேயே ஒரு நோயாகச் சொல்வார்கள். மற்ற எல்லாவற்றையும் பார்த்துக் கற்க வேண்டியிருக்கும் அயலாருக்கு இந்தச் சோர்வை மட்டும் யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.