சிட்டை, பேரேடு, 64 பைட்டு

ஒரு மாசமா இந்தப் பக்கமே வர முடியல. ஆபீஸ்ல ஆணி அதிகம். அதுலயும் இது நானே நாலு வருஷம் முன்னாடி அடிச்சு வச்ச ஆணி. அதை நானே புடுங்கின கதைதான் இந்தப் பதிவு.

தொழில்நுட்பப் பதிவுன்னு ஓடிராதீங்க மக்கா. பொட்டி தட்டாதவங்களுக்கும் புரியும். கடன் நோட்டு வச்சிருக்கற மளிகைக்கடை ஒண்ணு தெரிஞ்சிருந்தா போதும்.

நமக்கு வேலை டிவைஸ் டிரைவர் எழுதுறது. (ஊர்ல இதைச் சொன்னா "எந்த ரூட்டுல ஓட்டுறீங்க?"ன்னுதான் அடுத்த கேள்வி வரும்.) ஒரு போர்டு. அதுல ஏ.ஆர்.எம் சிப், லினக்ஸ், ஒரு கேமரா. கேமரா எடுக்குற கறுப்பு வெள்ளைப் படம் நேரா மெமரியில வந்து இறங்கும். நடுவுல பிராசஸர் கை வைக்காது. இதுக்கு டி.எம்.ஏ.ன்னு பேரு. படம் இறங்கினதும் நம்ம புரோகிராம் அதை எடுத்துக் காட்டணும். அவ்ளோதான்.

படம் வந்துச்சு. ஆனா நூறு படத்துக்கு ஒண்ணுல, எங்கயாவது ஒரு மூலையில, சின்னதா ஒரு கறுப்புக்கோடு. அடுத்த படத்துல இருக்காது. கண்டுபிடிக்கலாம்னு நாலு இடத்துல பிரிண்ட் போட்டா கோடே வராது. பிரிண்டை எடுத்தா வந்துரும்.

மீட்டிங்ல டேமேஜர் கேட்டாரு. நான் நெஞ்சை நிமித்திக்கிட்டு, "டிரைவர்ல ஒண்ணும் இல்ல சார், போர்டுதான்"ன்னு சொல்லிட்டேன். ஹார்டுவேர் பக்கம் இருக்கறவர் என்னைவிடப் பத்து வருஷம் மூத்தவர். எல்லாருக்கும் அண்ணன். ஒரு வார்த்தை பேசாம போர்டைத் தூக்கிட்டுப் போனாரு. மெமரி சிப்பைக் கழட்டி வேற போட்டாரு. கெப்பாசிட்டர் மாத்தினாரு. ராத்திரி பத்து மணி வரைக்கும் ஆசிலோஸ்கோப் முன்னாடி உக்காந்திருந்தாரு. மூணு வாரம். கோடு போகல.

மூணாவது வாரக் கடைசியில என் சீட்டுக்கு வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாரு.

"தம்பி, அந்தக் கோடு எத்தனை பிக்சல் நீளம்னு எண்ணிப் பாத்தியா?"

எண்ணல. அப்புறம்தான் எண்ணினேன். 64. இன்னொரு படத்தை எடுத்தேன். 64. ரெண்டு கோடு ஒட்டி வந்த இடத்துல 128. ஒரு பிக்சலுக்கு ஒரு பைட்டு. கோடு ஆரம்பிக்கிற முகவரியும் 64-ஆல வகுபடுது.

கரண்ட் கோளாறுக்கு 64 வரைக்கும் எண்ணத் தெரியாதுங்க. 64 பைட்டுங்கறது அந்தச் சிப்போட கேஷ் லைன் அளவு. கேஷ்னா காசு இல்ல. பிராசஸர் பக்கத்துலயே வச்சிருக்கற சின்ன, வேகமான மெமரி. அப்பவே வயித்துல புளியைக் கரைச்சிருச்சு.

இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

மயிலத்துல மலையடிவாரத்துல எங்க சித்தப்பாவுக்கு ஒரு மளிகைக்கடை இருந்துச்சு. பங்குனி உத்திரம் வந்தா கடையில மூச்சு விட நேரம் இருக்காது. பெரிய பேரேட்டைப் பிரிச்சு, பக்கம் தேடி எழுதிக்கிட்டிருந்தா கூட்டம் கலைஞ்சிரும். அதனால சித்தப்பா கல்லா மேல ஒரு சிட்டை வச்சிருப்பாரு. அன்னைக்கு யார் யார் கணக்கு ஓடுதோ அவங்க பாக்கியைப் பேரேட்டுலேர்ந்து சிட்டையில இறக்கிக்குவாரு. கூட்டல் கழித்தல் எல்லாம் சிட்டையிலதான். ராத்திரி கடை சாத்தும்போதோ, இல்ல சிட்டையில இடம் தீரும்போதோ, அந்த வரியை அப்படியே பேரேட்டுல ஏத்துவாரு.

கேஷ்ங்கறது இதேதான். சிட்டை கேஷ், பேரேடு மெமரி. இப்படி முதல்ல சிட்டை, பின்னால பேரேடுன்னு எழுதுற முறைக்கு ரைட்-பேக்னு பேரு.

ஒரு உற்சவத்தப்போ, கோயில்கிட்ட பூ விக்கிற ஆயா ஒருத்தங்க 85 ரூபா பாக்கியை வீட்டுல சித்திகிட்ட குடுத்துட்டாங்க. சித்தி பேரேட்டை எடுத்து ஆயா பக்கத்துல பாக்கி இல்லைன்னு எழுதி வச்சிட்டாங்க. கல்லா மேல இருந்த சிட்டையில 85 அப்படியே நிக்குது. ராத்திரி சித்தப்பா வழக்கம்போல சிட்டையைப் பேரேட்டுல ஏத்தினாரு. ஆயா பக்கத்துல மறுபடி 85.

மறுநாள் கடையில பத்துப் பேரு நிக்கறப்ப சித்தப்பா பாக்கி கேட்டாரு. "குடுத்துட்டேன்பா"ன்னாங்க ஆயா. "பேரேட்டுல நிக்குதே ஆயா"ன்னாரு இவரு. ஆயா மேல பேசல. முந்தானையில முடிஞ்சிருந்த சில்லறையை அவுத்து எண்ண ஆரம்பிச்சாங்க. அந்த நேரம் சித்தி மலையிலிருந்து இறங்கி வரலேன்னா இன்னொரு 85 போயிருக்கும்.

இதுல யாரும் திருடல. சித்தப்பா எழுதினது சரி, சித்தி எழுதினதும் சரி. ஒரே கணக்கை ஒருத்தர் சிட்டை வழியாவும் இன்னொருத்தர் நேரா பேரேட்டுலயும் தொட்டாங்க. அதை யாரும் யாருக்கும் சொல்லி வைக்கல. அவ்ளோதான் தப்பு.

இப்ப என் டிரைவர். படம் இறங்குற பஃபரை ஒவ்வொரு தடவையும் கெர்னல் பக்கத்துல பூஜ்யத்தால அழிச்சிட்டுத்தான் கேமராகிட்ட குடுப்பேன். சுத்தமா இருக்கட்டுமேன்னு. அந்தப் பூஜ்யமெல்லாம் கேஷ்ல, அதாவது சிட்டையில நிக்குது. கேமரா நேரா மெமரியில படத்தை இறக்குது. சித்தி பேரேட்டுல எழுதின மாதிரி. அப்புறம் கேஷ் இடம் பத்தாம ஒரு லைனைத் தள்ளிவிடுது. படத்து மேல 64 பூஜ்யம். கறுப்புக்கோடு ரெடி. பிரிண்ட் போட்டா ஏன் வரலன்னா, பிரிண்டே கேஷைக் கலக்கி பூஜ்யங்களைச் சீக்கிரமே வெளிய தள்ளிடுது. படம் அதுக்கப்புறம்தான் இறங்குது.

கெர்னல்ல இதுக்கு ஒழுங்கான சிங்க் ஃபங்ஷன்கள் இருக்கு. நான் கூப்பிடல. ஏன்? புரோகிராமுக்குப் பஃபரைக் காட்டுற எம்மேப் பகுதியில, கேஷ் வேண்டாம்னு ஒரு வரி போட்டிருந்தேன். வேற ஏதோ டிரைவர்ல இருந்து சுட்டது. "நாமதான் கேஷை மூடிட்டோமே"ன்னு நினைப்பு. நான் மூடினது புரோகிராம் பாக்குற ஜன்னலை மட்டும். அதே பக்கத்துக்குக் கெர்னல் வச்சிருந்த கேஷ் ஜன்னல் பப்பரப்பான்னு திறந்தே கிடந்துச்சு. வரிக்கு மேல ஒரு கமென்ட் கூட இல்ல. யாருடா எழுதினதுன்னு கிட் பிளேம் போட்டா என் பேரு, நாலு வருஷத்துக்கு முந்தின தேதி. ஹி ஹி... சிரிக்கிற நிலைமையில இல்ல.

இது எனக்கு மட்டும் நடந்த கூத்து இல்லைன்னு அப்புறம்தான் படிச்சேன். 2002 ஜனவரியில ஏ.எம்.டி ஆத்லான் பொட்டியில லினக்ஸ் காரணம் தெரியாம தொங்குதுன்னு பெரிய அமளி. ஏ.ஜி.பி கிராபிக்ஸ் கார்டு போட்டவங்களுக்கு. முதல்ல எல்லாரும் சிப்புலதான் பிழைன்னாங்க. (கேட்ட மாதிரி இருக்குல்ல?) பூட் பண்ணும்போது "மெம்=நோபென்டியம்"னு குடுத்து 4 எம்.பி. பெரிய பக்கங்களை நிறுத்தச் சொன்னாங்க. நோண்டிப் பாத்தா, ஒரே மெமரியைக் கெர்னல் கேஷோடவும், கிராபிக்ஸ் பக்கம் கேஷ் இல்லாமலும் மேப் பண்ணியிருந்துச்சு. சிட்டை, பேரேடு கதையேதான். ஒரு பக்கத்தோட குணத்தை மாத்தினா எல்லா ஜன்னலுக்கும் சேர்த்து மாத்தணும்னு ஆண்டி க்ளீன் அதுக்கப்புறம் கெர்னல்ல வழி பண்ணினாரு.

இந்தக் குணங்கள்ல முக்கியமானது மூணு. ரைட்-பேக் பாத்தாச்சு. அன்கேஷ்ட்னா சிட்டையே கிடையாது, ஒவ்வொரு எழுத்தும் நேரா போகும். மூணாவது ரைட்-கம்பைனிங். கூட்டேரிப்பட்டு கூட்டு ரோட்டுல மயிலம் போற ஷேர் ஆட்டோ மாதிரி. ஆள் சேர்ந்தாதான் கிளம்பும். எழுதுறதைச் சேத்து வச்சு மொத்தமா தள்ளும். திரையில படம் வரைய அருமை. ஒரு கார்டுக்கு "ஆரம்பி"ன்னு கட்டளை குடுக்க ஆகாது. கட்டளை ஆட்டோலயே உக்காந்திருக்கும்.

இன்டெல் சிப்புல இதைப் பெரிய பெரிய முகவரி வட்டமா குறிக்கிற எம்.டி.ஆர்.ஆர். பென்டியம் புரோவோட 1995-ல வந்துச்சு. பக்கத்துக்குப் பக்கம் குறிக்கிற பேட் (பேஜ் ஆட்ரிப்யூட் டேபிள்) 1999-ல பென்டியம் 3-ல. லினக்ஸ் அதை முழுசா பயன்படுத்த 2008 ஜூலையில வந்த 2.6.26 வரைக்கும் ஆச்சு. எழுதினவங்க இன்டெல்ல இருந்த வெங்கடேஷ் பள்ளிபாடியும் சுரேஷ் சித்தாவும். இப்ப முகவரிக்கு முகவரி யாரு என்ன குணம் வாங்கியிருக்காங்கன்னு கெர்னல் ஒரு கணக்கு வச்சிருக்கு. முரணா கேட்டா மறுக்கும், இல்லைன்னா ஏற்கெனவே இருக்கற குணத்தையே குடுக்கும்.

என்னை உலுக்கினது அந்தக் கோடு இல்ல, கூட இருக்கற ஆவணம். சின்னதுதான். நடுவுல ஒரு அட்டவணை. இடப்பக்கம் டிரைவர் கூப்பிடுற ஃபங்ஷன்கள். மேல, அந்த முகவரி ரேமா, ஏ.சி.பி.ஐ பகுதியா, காலி இடமான்னு பத்திகள். கட்டத்துல கிடைக்கப்போற குணம். சில கட்டத்துல வெறும் கோடு. அதுக்குக் கீழ ஒரு குறிப்பு. நான் பண்ணின எம்மேப் வழி ஐ.ஓ. பகுதிக்கு மட்டும்தான் செல்லும். ரேமை வெளிய குடுக்கணும்னா அதுக்கு முன்னாடி படி 0-ன்னு ஒண்ணு இருக்கு, கெர்னலோட சொந்த ஜன்னலையும் மாத்து. பக்கத்தைத் திருப்பிக் குடுக்குறதுக்கு முன்னாடி பழைய குணத்துக்குக் கொண்டு வா. இவ்வளவுதான் சாரம்.

படி 0. என் மூணு வாரமும் அண்ணனோட மூணு வாரமும் அதுல இருக்கு. எக்ஸ்86-க்கு எழுதினது, உண்மைதான். ஏ.ஆர்.எம்ல அப்படி முரணைப் பிடிக்கிற காவக்காரன் கிடையாது. அப்ப எழுதி வைக்கிறது இன்னும் முக்கியம்.

கோடைச் சரி பண்ண ஒரு மத்தியானம் போதுமா இருந்துச்சு. பஃபரை கெர்னலோட டி.எம்.ஏ. கோஹிரென்ட் வழியில வாங்கி, அதுக்குன்னு இருக்கற எம்மேப் ஃபங்ஷன்லயே வெளிய காட்டினேன். ரெண்டு ஜன்னலுக்கும் ஒரே குணம். கோடு போயே போச்சு.

ஆவணம் எழுதத்தான் நாலு நாள் ஆச்சு. எங்க டிரைவர்ல இருக்கற ஒவ்வொரு பஃபருக்கும் ஒரு வரி. கெர்னல்ல என்ன குணம், புரோகிராம்ல என்ன குணம், ஏன் அப்படி. எழுத எழுத இன்னும் ரெண்டு இடத்துல எனக்கே பதில் தெரியலன்னு தெரிஞ்சுது. கோடுல ஒளிஞ்சுக்க இடம் இருந்துச்சு, அட்டவணையில இல்ல. காலிக் கட்டம் மூஞ்சியில அடிச்ச மாதிரி நிக்கும்.

நம்ம ஊருக்கும் இது வருது. ஐ.ஐ.டி மெட்ராஸோட சக்தி பிராசஸர் 2018-ல லினக்ஸை பூட் பண்ணிச்சு. அது ரிஸ்க்-5 குடும்பம். அந்தக் குடும்பத்தோட பக்க அட்டவணையில முதல்ல இந்தக் குணத்துக்கு இடமே இல்ல. 2021-லதான் ரெண்டு பிட் ஒதுக்கினாங்க. இங்க பொறந்த சிப்புக்கு இங்க உக்காந்து டிரைவர் எழுதப்போற பசங்களே, வரிக்கு மேல ஒரு கமென்டாவது போடுங்கப்பா.

எழுதி முடிச்சு முதல் பிரதியை அண்ணன்கிட்டதான் குடுத்தேன். மீட்டிங்ல சொன்னதுக்கு மன்னிப்பும் கேட்டேன். அதுக்கு அவரு ஒண்ணும் சொல்லல. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு அட்டவணையைக் கடைசி வரைக்கும் படிச்சாரு. அப்புறம் பேனாவை எடுத்து, வலது ஓரமா ஒரு கோடு போட்டு, புதுசா ஒரு பத்திக்குத் தலைப்பு எழுதினாரு.

"போர்டு எப்ப எழுதும்?"

அதை நான் யோசிக்கவே இல்ல. இப்ப ஒவ்வொரு கட்டமா அவரும் நானும் நிரப்பிக்கிட்டிருக்கோம்.

டிஸ்கி: அந்த உற்சவத்துக்கு அடுத்த நாளே சித்தி பேரேட்டோட முதல் பக்கத்துல பெருசா எழுதிட்டாங்க: "உற்சவம் முடியும் வரை வசூல் சிட்டையில் மட்டும்." படி 0 எழுதின முதல் ஆள் எங்க சித்திதான் :-)