பிறந்த வீட்டிலும் கரி, புகுந்த வீட்டிலும் கரி

ராயபுரம் பனைமரத்தொட்டியில் துணி துவைக்கிற பெண்கள் முதலில் காற்றைத்தான் பார்ப்பார்கள். தெற்கிலிருந்து வீசினால் வெள்ளைத் துணியை வெளியே போட மாட்டார்கள். ஹார்பரில் கரிக் கப்பல் நிற்கிறது என்ற சேதியை எங்கள் தெருவுக்குக் கொண்டுவந்தது அந்தக் காற்று. கொடியில் கிடக்கும் வேட்டி கொஞ்ச நேரத்தில் புள்ளி புள்ளியாகக் கறுத்துவிடும். மூடாத குடத்தில் மெல்லிய கறுப்புப் படலம் மிதக்கும். தெருமுனை கேரம் கிளப்பில் போரிக் பவுடர் தூவி இரண்டு ஆட்டம் ஆடுவதற்குள் பலகை மங்கிவிடும். அண்ணன்மார் துடைத்துவிட்டு மறுபடியும் தூவுவார்கள். எண்பதுகளில் அந்தத் தெருவில் வளர்ந்த பிள்ளைகள் யாரும் இதை ஒரு குறையாகச் சொன்னதில்லை. எங்கள் வீட்டுச் சோறு அந்தக் கரியிலிருந்துதான் வந்தது.

எங்கள் ஊர் மண்ணுக்கு அடியில் நிலக்கரி கிடையாது. ஒடிசாவின் தால்சேரிலும் வங்காளத்தின் ராணிகஞ்சிலும் சுரங்கத் தொழிலாளிகள் வெட்டியெடுத்தது ரயிலேறி, பாரதீப்பிலும் ஹால்டியாவிலும் கப்பலேறி, சென்னையில் வந்து இறங்கியது. தமிழ்நாட்டு மின்நிலையங்களுக்குக் கரி கொண்டுவருவதையே முக்கிய வேலையாகக் கொண்டு 1974இல் பூம்புகார் கப்பல் கழகம் தொடங்கப்பட்டது. ‘தமிழ் அண்ணா’, ‘தமிழ் பெரியார்’, ‘தமிழ் காமராஜ்’ என்று அதன் மூன்று கப்பல்களின் பெயர்களும் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு மனப்பாடம். எந்தக் கப்பல் வந்திருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் மளிகைக்கடைப் பாக்கி எப்போது தீரும் என்று அம்மா கணக்குப் போடுவார்.

நைனா, என் அப்பா, அந்தக் கப்பல்களுக்குள் இறங்கி வேலை செய்தவர். கிரேனில் தொங்கும் இரும்புக் கிராப், ஹேட்ச் என்கிற சரக்கறைக்குள் இறங்கிக் கரியைக் கவ்வி எடுக்கும். அதற்கு எட்டாத மூலைகளில் ஒட்டிக் கிடப்பதை ஆட்கள் இறங்கி மண்வெட்டியால் நடுவுக்குத் தள்ளிக் குவிக்க வேண்டும். தலைக்கு ஒரு துண்டு, மூக்கைச் சுற்றி ஒரு துண்டு. வேறு பாதுகாப்பு கிடையாது. வேலை முடிந்து வந்து அவர் குளிக்கும்போது முற்றத்துத் தண்ணீர் மையாக ஓடும். இமையோரக் கறுப்பு மட்டும் எத்தனை குளியலுக்கும் போகாது. அம்மா விளக்கெண்ணெய் தொட்டுத் துடைத்துவிடுவார். “இன்னாத்துக்குத் தேய்க்கற? நாளைக்கும் கரிதான்” என்பார் நைனா.

அந்த வேலை எல்லா விதமான மனிதர்களையும் ஒரே தெருவில் சேர்த்து வைத்திருந்தது. மீன்பாடு குறைந்த மாதங்களில் வரும் மீனவர்களோடு, தெலுங்கு பேசிக்கொண்டு ஆந்திரத்திலிருந்து வந்தவர்களும், மழை பொய்த்து ஊரை விட்டு வந்த விவசாயக் கூலிகளும் ஒரே ஹேட்சில் நின்றார்கள். ஒருவர் வீட்டில் சாவு விழுந்தால் மற்றவர்கள் அன்றைய கூலியை விட்டுவிட்டுப் பாடை கட்ட வந்தார்கள். ராத்திரி முழுக்க கானா பாடினார்கள். புனித பேதுரு ஆலயத்தில் கொடியேறினாலும், மாசியில் திருவொற்றியூர் தியாகராஜர் தேரேறினாலும், தெரு மொத்தமும் கிளம்பிப் போகும். 1918இல் மெட்ராஸ் லேபர் யூனியன் பிறந்த பெரம்பூர் எங்களுக்குப் பக்கம். 1923இல் சிங்காரவேலர் மே தினக் கொடி ஏற்றிய ஹைகோர்ட்டு எதிர்க் கடற்கரை அதைவிடப் பக்கம். உரிமை என்ற பேச்சைப் புத்தகம் திறந்து படிக்காமலே கேட்டு வளர்ந்தோம்.

1991இல் எனக்கு எண்ணூர் காட்டுக்குப்பத்தில் கல்யாணம் ஆனது. ஹார்பரிலிருந்து வடக்கே ஏறக்குறைய 20 கிலோமீட்டர். வண்டி திருவொற்றியூரைத் தாண்டும்போது தீப்பெட்டி, டயர், மோட்டார் சைக்கிள், லாரி என்று வரிசையாக ஆலைச் சுவர்கள். அதற்கப்பால் எண்ணூர் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். 1970லிருந்து ஒவ்வொரு யூனிட்டாக எழுந்து 450 மெகாவாட்டுக்கு வளர்ந்த நிலையம் அது. ஆனால் குப்பத்துக்குள் நுழைந்ததும் வேறு உலகம். கொசஸ்தலை ஆறும் பக்கிங்காம் கால்வாயும் கூடிக் கடலில் விழுகிற கழிமுகம். அலையாத்தி மரங்கள், உப்பங்கழி, உப்பளம்.

ஆற்றுக்கென்று ஒரு நீதி அங்கே இருந்தது. வலை கட்டுகிற இடங்களைப் ‘பாடு’ என்று பிரித்து, இன்று இவர்கள் முறை, நாளை அவர்கள் முறை என்று குப்பங்கள் பங்கிட்டுக்கொண்டன. பெரிய படகு வைத்திருப்பவருக்குக் கூடுதல் பாடு கிடையாது. ஆண் துணை இல்லாத வீட்டுக்கும் பங்கு உண்டு. இருளர் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்து, பல்லால் கவ்விய ‘பரி’ என்கிற கூடையில் போடுவார்கள். என் மாமியார் தண்ணீரில் காலை வைத்த மாத்திரத்தில், “இன்னைக்கு வெள்ளை எறாதாம்மா, கூடையப் பெருசா எடு” என்பார். மடவை, கொடுவா, கெளுத்தி, கழி நண்டு எல்லாம் கிடைத்தது. கடல் கொந்தளித்து ஊரே கரையில் உட்கார்ந்திருந்த நாட்களிலும் ஆறு எங்களைப் பட்டினி போட்டதில்லை.

ஆற்றுக்கு அக்கரையில் வேலை அப்போதே தொடங்கியிருந்தது. 1994இல் அத்திப்பட்டில் வட சென்னை அனல்மின் நிலையத்தின் முதல் யூனிட் ஓடியது. பிறகு அது 630 மெகாவாட்டுக்கு வளர்ந்தது. அதற்குக் கரி வேண்டும், கரிக்குத் துறைமுகம் வேண்டும். 2001இல் எண்ணூர்த் துறைமுகம் திறந்தது. இன்று அதன் பெயர் காமராஜர் துறைமுகம். நைனா மண்வெட்டி போட்ட அதே தால்சேர்க் கரி இப்போது என் மாமியார் ஊரில் வந்து இறங்கியது. இங்கே அதைத் தள்ள ஆள் தேவைப்படவில்லை. கப்பலிலிருந்து கன்வேயர் பெல்ட்டில் ஏறி அதுவே மின்நிலையத்துக்குப் போய்விடும். ராயபுரத்தில் கரி தூசியையும் கூலியையும் சேர்த்துத் தந்தது. காட்டுக்குப்பத்தில் கூலி இல்லாமல் வந்தது.

மின்சாரம் கம்பியில் ஏறி வெளியே போய்விடுகிறது. மிஞ்சுவது எங்கே போகிறது என்று இங்கே வாழ்ந்தால்தான் தெரியும். இந்தியக் கரியில் சாம்பல் அதிகம். நூறு கிலோ எரித்தால் முப்பது, நாற்பது கிலோ சாம்பலாகவே நிற்கும். அதைத் தண்ணீரில் கரைத்துக் கூழாக்கி, குழாய் வழியாகச் சாம்பல் குளத்துக்குத் தள்ளுவார்கள். இந்த வட்டாரத்தில் அந்தக் குழாய்கள் ஆற்றோரமாக ஓடுகின்றன. உப்புக் காற்று இரும்பைத் தின்னும். துரு பிடித்த இடம் ஒருநாள் பிளக்கும். பிளந்தால் சாம்பல் கூழ் நேராக ஆற்றுக்குள். அடைப்பார்கள், வேறு இடத்தில் பிளக்கும். இயந்திரங்களைக் குளிர்வித்த வெந்நீர் தனி வாய்க்காலில் வந்து விழும். முட்டை போட மேலேறி வருகிற மீன் அந்தச் சூட்டைக் கண்டதும் திரும்பிவிடும்.

என் கணவர் துடுப்பை நட்டு ஆழம் பார்த்த இடங்களில் பின்னாட்களில் பிள்ளைகள் முழங்கால் தண்ணீரில் நடந்து போனார்கள். அடியில் சேறு இல்லை, சிமெண்ட் மாதிரி இறுகிய சாம்பல். இறால் பதுங்கச் சேறு வேண்டும். இறால் போனதும் ‘பாடு’ முறை தேய்ந்தது. பங்கு போட மீன் இருந்தால்தானே பங்கு முறை இருக்கும்? நாட்டாமை கூட்டத்தில் மணிக்கணக்காக நடந்த பேச்சுகள் சுருங்கின. ஆண்கள் கான்ட்ராக்ட் கூலிக்கு ஆலை வாசல்களில் நின்றார்கள். சாம்பல் குளத்தை ஒட்டிய செப்பாக்கத்தில் வெயில் காலத்தில் சோற்றுத் தட்டை மூடிக்கொண்டு சாப்பிட வேண்டியிருந்தது. இழுப்பு வந்த பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ராத்திரியில் ஆட்டோ தேடும் தாய்மார் எங்கள் தெருவிலும் உண்டு.

2004 டிசம்பர் 26இல் சுனாமி இரண்டு வீட்டையும் ஒரே காலையில் அடித்தது. கரையோரம் வீடிழந்த சென்னைக் குடும்பங்கள் திருவொற்றியூர் கார்கில் நகரில் தார் அட்டைக் கொட்டகைகளில் வெந்தன. அந்த நாட்களில் ஒரு பெரியவர் சொன்னது மறக்கவில்லை: “அல வந்துச்சு, போயிடுச்சு. கரி போவுமா?”

2011 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. அக்டோபர் 1 முதல் சென்னைத் துறைமுகத்தில் கரியையும் இரும்புத் தாதுவையும் கையாளக் கூடாது, அவை எண்ணூருக்குப் போக வேண்டும். மின்நிலையக் கரி பத்து வருடங்களுக்கு முன்பே இடம் மாறியிருந்தாலும் தனியார் ஆலைகளுக்கான கரி அதுவரை ராயபுரத்தின் பக்கத்தில்தான் இறங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நாள் கழித்து அம்மா போன் செய்தார்: “இன்னைக்கு மொட்ட மாடியில வெள்ளப் பொடவ காயப்போட்டேன்டி. சாயங்காலம் எடுத்தா வெள்ளையாவே இருக்குது!”

அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை நான் முழுசாகப் பங்கு போட்டுக்கொண்டேன். அறுபது வயதைத் தாண்டிய ஒருத்திக்கு அவள் வாழ்ந்த ஊர்க் காற்று முதல்முறையாகச் சுத்தமாகிறது. அதைவிட நியாயம் எது? போனை வைத்த பிறகு வாசலில் நின்று வடக்கே பார்த்தேன். உத்தரவில் ‘எண்ணூர்’ என்று எழுதிய இடத்தில் நாங்கள் குடியிருக்கிறோம். ராயபுரத்துக்கு ஆகாதது எங்களுக்கு எப்படி ஆகும்? நைனாவுக்கு வேறு வருத்தம். கரியை நம்பியிருந்த லாரிக்காரர்களும் கூலிக்காரர்களும் ஒரே மாதத்தில் கைகட்டி உட்கார்ந்தார்கள். “தூசி போனது நல்லதும்மா. ஆனா தூசிய துன்னவனுக்கு யாரு இன்னா குடுத்தாங்க?” என்று கேட்டார். அவர் போய்ச் சேரும்வரை அந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை.

அதற்குப் பிறகு வந்தது எல்லாம் வேகம். வல்லூரில் 1,500 மெகாவாட். வட சென்னையின் இரண்டாம் கட்டம் 1,200. 2024 மார்ச்சில் மூன்றாம் கட்டம் 800. ஒரு கழிமுகத்தைச் சுற்றி 4,000 மெகாவாட்டுக்கு மேல். பழைய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017 மார்ச்சில் மூடப்பட்டது. அதன் இடத்தில் இன்னொரு 660 மெகாவாட் வருகிறது என்றதும் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு ஊர் திரண்டு போய் வேண்டாம் என்றது.

நாங்கள் சும்மா இருக்கவில்லை. படகுகளை வரிசையாகக் கட்டி ஆற்றை மறித்தோம். முழங்கால் தண்ணீரில் நின்று மனு கொடுத்தோம். 1996இல் ஒப்புதல் பெற்ற கடற்கரை வரைபடத்தில் இந்தக் கழிமுகம் நீர்நிலையாக இருக்கிறது என்பதைப் படிப்பாளிகள் தோண்டியெடுத்துக் காட்டினார்கள். கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா எங்கள் சாம்பல் மண்ணில் நின்று பாடிய ‘சென்னை பொறம்போக்குப் பாடல்’ 2017 ஜனவரியில் வெளிவந்தபோது, தெற்குச் சென்னை முதல்முறையாக இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தது. அந்த மாதக் கடைசியிலேயே இரண்டு கப்பல்கள் எண்ணூர்க் கடலில் மோதின. கரையில் கெட்டியாக ஒதுங்கிய எண்ணெயை எங்கள் பையன்கள் வாளியால் அள்ளினார்கள்.

2023 டிசம்பர் எங்களை உலுக்கிப் போட்டது. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு ஆலை எண்ணெய் ஆற்றில் இறங்கி, வீட்டுச் சுவரில் இடுப்புயரத்துக்குக் கறுப்புக் கோடு போட்டது. வலை, படகு, என்ஜின் எல்லாம் பாழ். அதைக் கழுவி முடிப்பதற்குள், 26ஆம் தேதி நள்ளிரவில், பெரியகுப்பம் பக்கத்துக் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. கண்ணெரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் ஜனங்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். இப்போது ஆற்றடியில் காக்கா ஆழி என்ற வேற்று நாட்டு மட்டி பாய் விரித்திருக்கிறது. மிஞ்சிய இறாலின் இடத்தையும் அது பிடித்துக்கொண்டது.

இரண்டு கரையிலும் வாழ்ந்தவள் என்பதால் ஒன்றைச் சொல்லும் உரிமை எனக்கு இருக்கிறது. ராயபுரத்தில் நடந்ததை இந்த நகரம் ஒரு வெற்றியாக எழுதி வைத்திருக்கிறது. அது பாதிக் கதை. கரியின் அளவு குறையவில்லை, அதை மூச்சிழுக்கும் ஆட்கள்தான் மாறினார்கள். நாளை எங்கள் குரல் எடுபட்டுக் கரி இன்னும் வடக்கே பழவேற்காட்டுக்குப் போனால், அதை நான் வெற்றி என்று சொல்ல மாட்டேன். அங்கேயும் பாடு இருக்கிறது, பாட்டை நம்பிய பெண்கள் இருக்கிறார்கள்.

ஆகவே எங்கள் கோரிக்கை இடமாற்றம் அல்ல. ஆற்றில் கிடக்கும் சாம்பலை, கொட்டியவர்கள் செலவில் அள்ளுங்கள். துருப்பிடித்த குழாய்களை மாற்றிவிட்டு ஓட்டுங்கள். வீடு வீடாகப் பிள்ளைகளின் நுரையீரலைச் சோதித்து, முடிவைத் தமிழில் எங்கள் கையில் கொடுங்கள். இருக்கிற சுமை இறங்கும்வரை இந்தக் கழிமுகத்தில் புதிய புகைபோக்கி எழக் கூடாது. நிலையம் மூடப்படும்போது அதில் உழைத்தவர்களுக்கு மாற்று வேலை முதலில் தயாராக இருக்க வேண்டும். என் நைனா கேட்ட கேள்வி அதுதான். இதை எழுதுகிற இப்போதும் காட்டுக்குப்பத்து ஆட்கள் ஆற்றில் இறங்குகிறார்கள், பாதிக் கூடையோடாவது திரும்புகிறார்கள். அந்தப் பாதிக் கூடை இருக்கும்வரை இந்த ஆறு செத்துவிட்டது என்று யாரும் கையெழுத்துப் போட நாங்கள் விடமாட்டோம்.