உவர்நிலத்தில் ஒரு விடியற்காலை

வேளாங்கண்ணி அன்னையின் திருத்தலத்திற்குச் செல்வோர் பலரும் திருப்பலி கண்டு, கடலில் கால் நனைத்து, ஊர் திரும்பிவிடுவர். இம்முறை நாம் அங்கிருந்து தெற்கே வேதாரணியம் செல்லும் சாலையில் பயணமானோம். கால்வாயை ஒட்டிய உவர்நிலத்தில் கட்டங்கட்டமாக இறால் குளங்கள். நண்பர் ஒருவரின் பண்ணையில் அன்றிரவு தங்கினோம்.

பொழுது புலருமுன்னரே அவர் நம்மை எழுப்பினார். "இந்த நேரத்தில்தான் இறாலுக்கு மூச்சு முட்டும்" என்றார். பகலில் உயிர்வளியைத் தரும் நீர்ப்பாசிகள் இரவில் அதையே உட்கொள்கின்றன. ஆகவே விடியலில் அது மிகக் குறைந்துவிடும். ஏரேட்டர் சக்கரங்கள் நீரை வாரி இறைத்துக்கொண்டிருந்தன. நண்பர் கருவியை நீரில் அமிழ்த்தி, அளவைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டார்.

அக்கைப்பேசியில் சென்னை மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய வனாமி இறால் செயலி இருந்தது. குளத்தைப் பண்படுத்துவது முதல் தீவனம், நோய் வரையில் வேண்டிய குறிப்புகள் அதில் உள்ளன. அக்கம்பக்கத்துப் பண்ணையாளர்கள் செய்தி பரிமாறிக்கொள்ளும் வாட்ஸ்அப் குழுவும் இருந்தது. அதைக் காட்டியபோது நண்பரின் குரல் தாழ்ந்தது.

1990களின் நடுவில் இந்தியக் கரையோரப் பண்ணைகளைத் தாக்கிய வெண்புள்ளி நோய்க்கு இன்றளவும் மருந்தில்லை. நச்சுயிரியால் வரும் அந்நோய் ஒரு சில நாட்களில் குளத்தையே அழித்துவிடும். ஒருவர் வெளியேற்றும் நீர் ஓடை வழியே அடுத்தவர் குளத்தை அடையும்.

"சில ஆண்டுகளுக்கு முன் என் குளத்தில் அது வந்தது. வியாபாரி விலையைக் குறைப்பானே என்று யாரிடமும் சொல்லவில்லை. அவசரமாக அறுவடை செய்து, இரவோடிரவாக நீரை ஓடையில் திறந்துவிட்டேன். பத்தே நாளில் பக்கத்துப் பண்ணையில் இறால் செத்து ஒதுங்கியது. அவர் மகளின் திருமணம் அவ்வாண்டு நின்றுபோயிற்று. அவர் என்னை ஒரு சொல்லும் கேட்கவில்லை, ஐயா. அதுதான் தாங்க முடியவில்லை."

சென்ற ஆண்டு மீண்டும் நோய் கண்டது. தீவனத் தட்டைத் தூக்கிப் பார்த்தவர், கரையில் நின்றபடியே குழுவில் எழுதினாராம்: "என் மூன்றாம் குளத்தில் வெண்புள்ளி. ஒருவரும் ஓடை நீரை எடுக்க வேண்டாம்." மதகை அடைத்து, பிளீச்சிங் பவுடர் இட்டு, நீரை வெளியே விடாமல் நிறுத்தினார். அவருக்கு அப்போகம் முழு நட்டம். பக்கத்துக் குளங்கள் பிழைத்தன. அன்று மாலை முதலில் வந்து நின்றவர், அந்தப் பழைய அண்டை வீட்டார்தாம்.

மீன் நோயை அரசுக்கு நேரே தெரிவிக்கவும் 2023 முதல் ஒரு செயலி உண்டு. ஆயினும் நச்சுயிரியைக் கொல்லாத நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை விற்பவரும் இதே கைப்பேசி வழியாகவே வருகின்றனர். கருவி எதையும் சுமக்கும். உண்மையை ஏற்றி அனுப்ப வேண்டியவன் மனிதனே.

திரும்பும் வழியில் மீண்டும் அன்னையின் ஆலயத்தில் சற்றே அமர்ந்தோம். நம் அயலான் யார் என்ற பழைய கேள்வி நெஞ்சில் எழுந்தது. நம் ஓடை நீர் எவர் குளத்தில் போய்ச் சேர்கிறதோ, அவரே நம் அயலார். நம் இல்லங்களிலும் கைப்பேசி உண்டு. அதன் வழியே பிறருக்கு நாம் எதைத் திறந்துவிடுகிறோம்?