வலி சொல்லாத பல்

"அது பாட்டுக்கு இருக்குடா, ஒண்ணும் பண்ணல" என்றுதான் பெரியம்மா தன் இம்ப்ளான்ட் பல்லைப் பற்றிச் சொல்லிவந்தாள். துலக்கும்போது ரத்தம் கசிவதை அவள் பொருட்படுத்தவில்லை. வலித்தால்தான் பல் டாக்டர் என்பது எங்கள் வீட்டுக் கணக்கு.

சொந்தப் பல்லென்றால் அந்தக் கணக்கு ஓரளவு செல்லும். வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்த்திசு உண்டு; சோற்றில் கல் கடிபட்டால் சுரீரென்று சொல்லிவிடும். இம்ப்ளான்டின் வேராக வைக்கும் டைட்டானியத் திருகுக்கு அது கிடையாது, எலும்போடு நேராக ஒட்டிக்கொள்கிறது. இந்த ஒட்டுதலைக் கண்டவர் ஸ்வீடனின் பிரோனமார்க். முயலின் கால் எலும்பில் வைத்த டைட்டானியக் கருவியை அவரால் திரும்பப் பிடுங்க முடியவில்லை. 1965இல் ஒரு மனிதரின் தாடையில் வைத்தார். அந்த மனிதர் நாற்பது ஆண்டுகள் அந்தப் பற்களோடு வாழ்ந்தார்.

பெரியப்பாவுக்கோ சில வாரங்கள்கூட நிற்கவில்லை. பீடியை விடாமலே போட்டுக்கொண்டார். புகை ஈறின் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். புண் ஆறாது, எலும்பு பிடிக்காது. சித்தப்பாவுக்கு நேர்ந்ததை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது. கீழ்த்தாடைக்குள் ஓடும் நரம்புக்கு மேலே குறைந்தது 2 மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும். முப்பரிமாண ஸ்கேன் எடுத்து அளந்திருந்தால் தெரிந்திருக்கும், எடுக்கவில்லை; திருகு நரம்பில் பட்டுவிட்டது. கீழுதடு மரத்துப்போய், காபி வழிவதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருப்பார். கேட்டிருக்க வேண்டியது ஒரே கேள்விதான்: "ஸ்கேன் பார்த்தீங்களா டாக்டர்?"

பெரியம்மாவுக்குப் போட்டவர் கவனமானவர். உப்புநீரைப் பீய்ச்சிக்கொண்டேதான் துளையிட்டார். எலும்பு 47 டிகிரி சூட்டில் ஒரு நிமிடம் இருந்தாலே கெடும். பின்னால் நடந்ததுதான் பிசகு. சர்க்கரை ஏறிக் கிடந்தது, பல்லைச் சுற்றிக் காரை படிந்தது. வீக்கம் ஈறோடு நிற்கும்போதே சுத்தம் செய்திருந்தால் மீண்டிருக்கும். எக்ஸ்ரே எடுத்தபோது திருகைச் சுற்றி எலும்பு கிண்ணம்போலக் கரைந்திருந்தது. அதுவரை வலி என்று ஒன்று இல்லவே இல்லை.

ஈறைத் திறந்து சுத்தம் செய்து, எப்படியோ காப்பாற்றிவிட்டார்கள். இப்போது இடுக்குப் பிரஷ் போடுகிறாள். ஆறு மாதத்துக்கொருமுறை நானே கூட்டிப்போகிறேன். வலப்பக்கமும் ஒன்று போடலாமா என்கிறாள். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி முதலில் இறங்கட்டும், எலும்புத் தேய்மானத்துக்குப் போட்ட ஊசியையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும், பிறகு பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.