பெட்டியில் இருந்த மடல்

சென்ற ஆண்டு எம் உம்மாவின் தகரப்பெட்டியைத் துப்புரவு செய்தபோது, 1999ஆம் ஆண்டு தம்மாமிலிருந்து வாப்பா எழுதிய மடலொன்று கிடைத்தது. ஏழு மாதங்களாகச் சம்பளம் இல்லை, கடன் வாங்கியே பணம் அனுப்புகிறேன், பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டா என்று எழுதியிருந்தார். கல்லூரிக் கட்டணம் தாமதித்தமைக்காக அவரோடு ஓராண்டு பேசாதிருந்தவர் யாம். அவர் இன்று இல்லை. கால் நூற்றாண்டு கழிந்தும் அம்மறைபொருளின் கூர்மை மழுங்கவில்லை.

இதனை ஈண்டு எழுதத் தூண்டியது, கணிப்பொறியியல் பயிலும் எம் மகள் சொன்ன செய்தியாகும். 'ஏஜென்ட்' எனப்படும் செயற்கை நுண்ணறிவு முகவர் நிரல்கள் நம் பொருட்டுத் தமக்குள் உரையாடத் தொடங்கிவிட்டன. ஒன்று மருத்துவ அறிக்கையைப் பிறிதொன்றிடம் ஒப்படைக்கும். மற்றொன்று வங்கிக் கணக்கைத் தொடும். இவ்வுரையாடலுக்கெனக் கூகுள் நிறுவனம் 2025 ஏப்ரலில் பொது நெறிமுறை ஒன்றையே அறிவித்தது. அச்செய்திகள் செல்லும் வழியைக் காப்பது நாம் இணையத்தில் அன்றாடம் நம்பியிருக்கும் அதே பூட்டுதான்.

அப்பூட்டின் வலிமை யாது? பேரெண்ணைக் காரணிப்படுத்தல் முதலிய சில கணக்குகள் இன்றைய கணிப்பொறிக்கு அரியன என்பதே. ஆற்றல் மிக்க குவாண்டம் கணிப்பொறி அமையுமாயின் அவை எளியவாகும் என்பதைப் பீட்டர் ஷோர் 1994இலேயே காட்டினார். அத்தகைய பொறி இன்னும் எழவில்லை. ஆயினும் அஞ்சற்பையை இன்றே களவாடி வைத்துக்கொண்டு, திறவுகோல் வரும் நாள்வரை காத்திருப்பாரை யார் தடுப்பது? நாம் ஒரு மடல் எழுதுமுன் நிரல்கள் ஆயிரம் எழுதிவிடும். எதில் எவருடைய மறைபொருள் சென்றது என்பதை நாமே அறியோம்.

கையொப்பத்தின் கதை வேறு. அதனைக் களவாடி வைப்பதால் பயனில்லை. ஆனால் அப்பொறி வந்த பின்னும் பழைய முறையையே நம்பியிருந்தால், போலி நிரலொன்று நம் நிரலின் பெயரால் ஒப்பமிட்டுப் பணமும் பெற்றுவிடும்.

அமெரிக்கத் தரநிறுவனமாகிய நிஸ்ட் 2024 ஆகஸ்டில் புதிய தரங்கள் மூன்றை வெளியிட்டது. திறவுகோல் பரிமாற்றத்திற்கு எம்எல்-கெம். கையொப்பத்திற்கு வேறு இரண்டு. 32 பைட் பொதுத் திறவுகோல் இருந்த இடத்தில் இனி 1184 பைட் சுமக்க வேண்டும். புதியது என்பதாலேயே நம்பிவிடவும் இயலாது. நிஸ்டின் ஆய்வில் நான்காம் சுற்றுவரை வந்த 'சைக்' முறையின் ஒரு வடிவம், 2022இல் சாதாரணக் கணிப்பொறியாலேயே ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் உடைக்கப்பட்டது. ஆதலின் பழைய பூட்டையும் புதிய பூட்டையும் ஒருங்கே இடுகின்றனர். எம் வீட்டுப் பின்கதவுக்கு உம்மா இடுவதும் இரு பூட்டுகளே.

அண்மையில் உம்மாவின் மருத்துவ அறிக்கைகளை அத்தகைய நிரலொன்றிடம் கொடுத்து, மருத்துவரைக் காண நேரம் பெற முனைந்தாள் மகள். அதில் எந்தப் பூட்டு இடப்பட்டுள்ளது என வினவினோம். நெடுநேரம் தேடினாள், எங்கும் எழுதப்படவில்லை. மறுநாட்காலை யாமே நேரிற் சென்று வரிசையில் நின்றோம்.