யார் வீட்டு அழுக்கோ!

பழைய பொருள் வாங்குவதில் எனக்கு வெட்கமே கிடையாது. எங்கள் வீட்டு பீரோ, என் சைக்கிள், இதை எழுதிக்கொண்டிருக்கும் மேஜை எல்லாமே வேறு யார் வீட்டிலிருந்தோ வந்தவைதான். ஆனால், ஒரு பழக்கம் உண்டு. எதை வாங்கி வந்தாலும் முதல் வேலையாகத் தேய்த்துக் கழுவிவிடுவேன். யார் வீட்டு அழுக்கோ!

அந்தப் பழக்கத்தால் ஓர் உயிர் போய்விட்டது.

வில்லிவாக்கத்தில் எங்கள் தெரு மளிகைக் கடைச் சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. 'மீன் தொட்டி விற்பனைக்கு. ஸ்டாண்டு, மோட்டார், லைட்டுடன் 1,200 ரூபாய்.' பள்ளிக்கூடத்துப் பையனின் கையெழுத்து. என் மகள் ஒரு வருஷமாக மீன் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று சாயங்காலமே போய் நின்றேன்.

வீடு முழுக்க மூட்டையும் அட்டைப்பெட்டியும். "வீடு மாறுறோம் சார். இங்க பெரியார் நகர்தான். புது வீட்டு ஓனரம்மா மீன் தொட்டி வைக்கக் கூடாதுன்னுட்டாங்க" என்றார் அந்த மனிதர். இரண்டடி நீளத் தொட்டி. உள்ளே ஒரே ஒரு கோல்டு ஃபிஷ், உள்ளங்கை அளவு. பெயர் குண்டு. சொன்னது அவருடைய மகன். பத்து வயது இருக்கும்.

நான் விஷயம் தெரிந்தவன்போல மூலைகளில் சிலிக்கான் பசையை விரலால் அழுத்திப் பார்த்தேன். "ஒழுகாது சார். நீங்க எதையும் மாத்தாம, அப்படியே கொண்டுபோய் வைச்சிடுங்க, போதும்" என்றார். கழுவச் சோம்பல்பட்டுச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

தொட்டி ஆட்டோவில் ஏறியது. குண்டு ஒரு வாளியில் என் மடியில் வந்தது. ஆட்டோ கிளம்பும்போது பையன் ஓடி வந்தான். "அங்கிள், ரெண்டு வாரம் கழிச்சு ஞாயித்துக்கிழமை வந்து பார்க்கட்டுமா?"

"தாராளமா வாடா!"

வீட்டுக்கு வந்ததும் என் வேலையைக் காட்டினேன். கண்ணாடியை, கூழாங்கற்களை, மோட்டாரில் இருந்த பழுப்பேறிய ஸ்பாஞ்சை எல்லாம் சோப்புப் போட்டுத் தேய்த்து, குழாய்த் தண்ணீரில் அலசினேன். ஸ்பாஞ்சிலிருந்து காபி டிகாக்‌ஷன் மாதிரி அழுக்கு இறங்கியது. எவ்வளவு திருப்தி எனக்கு! அடியில் தெர்மகோல் வைத்து, குழாயிலிருந்து பிடித்த தண்ணீரை நிரப்பி, லைட் போட்டோம். தொட்டி நகைக்கடை ஷோகேஸ் மாதிரி ஜொலித்தது.

மூன்றாம் நாள் தண்ணீர் பால் கலந்ததுபோல மங்கியது. நான்காம் நாள் குண்டு மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. பசி என்று நினைத்து இன்னும் கொஞ்சம் தீனி போட்டேன். ஆறாம் நாள் காலையில் மகள்தான் முதலில் பார்த்தாள். அவள் அழவில்லை. "அந்த அண்ணன் வருவானே, என்னப்பா சொல்றது?" என்று கேட்டாள். கறிவேப்பிலைச் செடியடியில் புதைத்தோம்.

அவள் கேள்விக்குப் பதிலாக நான் யோசித்தது ஒரு திருட்டு யோசனை. பக்கத்திலேயே கொளத்தூர். வண்ண மீன் கடைகளுக்குப் பேர்போன இடம். அதே அளவில் அதே நிறத்தில் ஒன்று கிடைக்காமலா போகும்?

கடைக்காரர் முழுக் கதையையும் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "அழுக்குன்னு நினைச்சீங்களா? அதுதான் சார் தொட்டிக்கு உசுரு!"

மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் தண்ணீரில் அம்மோனியாவாக மாறுகின்றன. மீனுக்கு அது விஷம். ஸ்பாஞ்சிலும் கல்லிலும் குடியிருக்கும் ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கிவிடும். அதனால் அவ்வளவு ஆபத்தில்லை. புதுத் தொட்டியில் இந்தக் கூட்டம் பெருக ஒரு மாதத்துக்கு மேல்கூட ஆகும். சோப்பும் குழாய்த் தண்ணீரில் இருக்கும் க்ளோரினும் அதைக் கொல்ல ஒரு மத்தியானம் போதும். பல வருஷம் ஒரு குடும்பம் தன்னையறியாமல் வளர்த்ததை நான் சாக்கடையில் ஊற்றியிருக்கிறேன்.

"இப்ப புது மீன் வேணாம் சார். ஒரு மாசம் போகட்டும்" என்றார். நான் கெஞ்சினேன். கடைசியில் ஒரு மீனும், தன் தொட்டியிலிருந்தே எடுத்த அழுக்கு ஸ்பாஞ்சு ஒன்றும் கவரில் போட்டுக் கொடுத்தார். "தண்ணியை ஒருநாள் பிடிச்சுவைச்சு, தினம் கால் பங்கு மாத்துங்க. தீனி கம்மியா போடுங்க." ஸ்பாஞ்சுக்குக் காசு வாங்கவில்லை.

சொன்னபடி அந்த ஞாயிற்றுக்கிழமை பையன் வந்துவிட்டான். செருப்பைக் கழற்றும்போதே, "குண்டு எப்படி இருக்கு அங்கிள்?" என்றான். நான் பதில் சொல்லாமல் தொட்டியைக் கை காட்டினேன். கிட்டே போய் நின்றான். கண்ணாடியில் விரல் வைத்தான். மீன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ரொம்ப நேரம் ஒன்றும் பேசாமல் நின்றுகொண்டிருந்தான். என் மகள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை வாயெடுத்தேன், வரவில்லை. ஒரு பத்து வயசுப் பையனிடம் எனக்கு அவ்வளவு பயம்.

கொடுத்த பிஸ்கட்டைச் சாப்பிட்டுவிட்டு வாசலில் செருப்பை மாட்டும்போது சொன்னான்... "அங்கிள், ஸ்பாஞ்சை மட்டும் குழாய்ல கழுவிடாதீங்க. எங்கப்பா ஒரு தடவை கழுவிட்டாரு. நாலு மீன்ல மூணு செத்துப்போச்சு. அந்தக் குண்டு ஒண்ணுதான் தப்பிச்சுது."

'அந்த' என்றான். 'இந்த' என்று சொல்லவில்லை.

"தம்பி, வந்து..." என்று ஆரம்பித்தேன். அவன் கேட்டை மூடியபடியே, "அடுத்த வாரமும் வரட்டுமா?" என்றான்.

எனக்கு முன்னால் என் மகள் பதில் சொன்னாள். "வாண்ணா!"